கோய்தாக்காரர்களுக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரி? – மராட்டியப் பயணக் குறிப்புகள்

ஜனவரி 12, ஞாயிறு. பீட்

மராத்வாடா என்று சொல்லப்படும் வறண்ட பகுதியில் இருக்கிறது பீட் மாவட்டம். கரும்பு வெட்டுவதற்காக ஆண்டுதோறும் இங்கிருந்து லட்சக்கணக்கானோர் கிளம்பிப் போகிறார்கள். கோய்தாக்காரர்கள் என்பது இவர்களைத்தான். தசரா, தீபாவளி முடிந்ததும் புறப்பட்டால் திரும்பி வர மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். சாத்தாரா, சாங்கிலி, கோலாப்பூர், சோலாப்பூர், எல்லை தாண்டி கர்நாடகத்தின் பெலகாவி வரைக்கும் போகிறார்கள். அத்தனை மாதமும் அவர்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் பார்க்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கமும் கரும்புச் சீமைதான். ஆலை ஓடும் மாதங்களில் வெளியூர் கேங் வந்து வயலோரம் குடிசை போடும். அவர்களில் கர்ப்பிணிகள் இருப்பார்கள், தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகள் இருக்கும். யார் பெயரும் எங்கள் பதிவேட்டில் இருக்காது. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அந்த வயல் வெட்டி முடிந்து கேங் இன்னொரு ஊருக்குப் போயிருக்கும். இந்தத் தொழிலில் நாட்டிலேயே பெரிய இடப்பெயர்ச்சி நடக்கிற பகுதிகளில் ஒன்றுக்கு வந்தால், இதற்கு யாராவது வழி கண்டிருக்கிறார்களா என்று பார்க்கலாம் அல்லவா.

கூட வருகிறவள் சோலாப்பூர்ப் பெண். வேலூரில் நர்சிங் படித்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள், என்னை அக்கா என்பாள். மராத்தியில் நடக்கும் பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வரப்போகிறது.

சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து, அதாவது பழைய ஔரங்காபாத்திலிருந்து, சிவப்பு நிற அரசுப் பேருந்தில் பீட் வந்தோம். வழியெல்லாம் பருத்தி எடுத்து முடித்த காடு, நடுநடுவே சோளம். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். 1972–73 பஞ்சத்துக்குப் பிறகு இங்கிருந்து கரும்புக்குப் போகிறவர்கள் பெருகினார்கள் என்று பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் சொன்னார். மேற்கே கிருஷ்ணா நதிக்கரையில் கூட்டுறவு ஆலைகள் வளர்ந்தன, வெட்ட ஆள் வேண்டியிருந்தது. இங்கே ஆள் இருந்தார்கள், தண்ணீர் இல்லை.

இன்று வேறு வேலை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பாக்ரி என்ற ரொட்டியும் பிட்லா என்ற கடலை மாவுக் குழம்பும் சாப்பிட்டோம். நாளை தாரூர் மலைப்பக்கம் ஒரு கிராமம்.


ஜனவரி 13, திங்கள். தாரூர் அருகே

இங்கேயும் இன்று போகி. எள் தூவிய கம்பு ரொட்டியும் எல்லாக் காயும் போட்ட கூட்டும்தான் பண்டிகைச் சமையல். ஆனால் நாங்கள் போன கிராமத்தில் சமைக்கவே ஆள் குறைவு. தெருவில் பாதி வீட்டில் பூட்டு. திறந்திருந்த வீடுகளில் கிழவர்களும் கிழவிகளும், அவர்கள் பொறுப்பில் விட்டுப்போன பள்ளிப் பிள்ளைகளும்தான். பெற்றோர் திரும்பும்வரை இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட அரசு பருவகால விடுதித் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. அது நன்றாக நடக்கிற இடத்தில் பிள்ளைகள் ஊரிலேயே இருந்து படிக்கிறார்கள். நடக்காத இடத்தில் அப்பா அம்மாவோடு வயலுக்குப் போய்விடுகிறார்கள்.

துணை சுகாதார நிலையத்தில் இருந்த சிஸ்டர் என் வயதுக்குப் பாதி இருப்பார். நானும் இதே வேலை பார்த்தவள் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பதிவேடுகளை எடுத்து முன்னால் வைத்துவிட்டார். ஒரு துறையில் வேலை பார்த்தவர்களுக்கு மொழி பெரிய தடையில்லை. கட்டங்களைப் பார்த்தாலே புரிந்துவிடுகிறது. கர்ப்பிணிப் பதிவேட்டில் அக்டோபர் வரை எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. அதற்கப்புறம் வரிசையாக ஒரே வார்த்தை: “வெளியூர்.” தடுப்பூசிப் பதிவேடும் அப்படியே. ஆறாவது வாரத்து ஊசி போட்ட குழந்தைக்குப் பத்தாவது வாரக் கட்டம் காலி, பதினான்காவது வாரக் கட்டமும் காலி.

“போகும்போது அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன், இரும்புச்சத்து மாத்திரையும் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன்” என்றார். “எந்த ஆலைக்குப் போகிறார்கள் என்று முகாதமைக் கேட்டு எழுதியும் வைக்கிறேன். ஆலைப் பெயர் தெரியும், ஆனால் எந்த வயல் என்று எனக்கு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் நான் கேட்டதும் இதையேதான்.

முகாதம் என்பவர் நம் ஊர் மேஸ்திரி மாதிரி. ஆலையிடமிருந்து முன்பணம் வாங்கித் தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர். கோய்தா என்றால் கரும்பு வெட்டும் அரிவாள். புருஷன் பெண்சாதி இருவரும் சேர்ந்துதான் ஒரு கோய்தா, கணக்கும் அப்படித்தான். முன்பணம் ஜோடிக்குத்தான் தருகிறார்கள். தனி ஆளுக்கு வேலை கிடைப்பது சிரமம். அதனால் பையனுக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்து வைத்தால் வீட்டில் இன்னொரு கோய்தா கூடும் என்ற கணக்கு வந்துவிடுகிறது. பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம், இருபதுக்குள் இரண்டு குழந்தை, இருபத்திரண்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். சிஸ்டரின் பதிவேட்டில் வயது எழுதிய கட்டங்களைப் பார்த்துக்கொண்டே போனால் இது கண்ணில் படாமல் போகாது.

வாங்கிய முன்பணம் வேலையில் கழிய வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் ஒரு நாள் படுத்துவிட்டால் இருவர் வேலையும் நிற்கும். அந்த நாளுக்குப் பிடித்தம் உண்டு, அதற்குக் காடா என்று பெயர். ஐந்நூறு ரூபாய் என்று ஒரு கிழவி சொன்னார், அதற்கு மேலும் என்றார் இன்னொருவர். காய்ச்சல் வந்தாலும் பிடித்தம், மாதவிலக்கில் எழ முடியாவிட்டாலும் பிடித்தம், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பிடித்தம். இலவச ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தாலும் இவர்களுக்கு அது இலவசமில்லை.


ஜனவரி 14, செவ்வாய். பீட், அம்பாஜோகாய்

சங்கராந்தி. பார்க்கிறவர்களெல்லாம் எள்ளுருண்டை கையில் வைத்து, இனிமையாகப் பேசுங்கள் என்கிறார்கள். வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் பால் பொங்கியிருக்கும், வாசலில் கரும்பு சாத்தியிருப்போம்.

இன்று எழுதப்போவது கனமான விஷயம். சுருக்காமல் எழுதுகிறேன்.

பீட் மாவட்டத்தின் பெயர் 2019இல் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. கரும்பு வெட்டும் பெண்களில் நிறையப் பேருக்கு முப்பது, முப்பத்தைந்து வயதுக்குள்ளேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. மூன்று ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் 99 தனியார் மருத்துவமனைகளில் 4,605 கர்ப்பப்பை அறுவை சிகிச்சைகள் நடந்ததாக அப்போதைய சுகாதார அமைச்சர் ஏக்நாத் ஷிண்டே சட்ட மேலவையில் சொன்னார். பிறகு மேலவை உறுப்பினர் நீலம் கோர்ஹே தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 82,309 பெண்களிடம் கணக்கெடுத்தார்கள். அதில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. நூற்றுக்குப் பதினேழு பேர் என்று வருகிறது. 2015–16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு மூன்று பேர்தான்.

அப்படி எடுத்தவர்கள் சிலரை இன்று பார்த்தோம். யார், எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. ஒருவர் இப்போது வெட்டுக்குப் போவதில்லை, இடுப்பு விட்டுப்போய்விட்டது. இருபத்தெட்டு வயதில் எடுத்தார்களாம். எதற்காக என்று கேட்டேன். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, மாதவிலக்கில் அதிக ரத்தம். டவுனில் ஸ்கேன் பார்த்த டாக்டர், பை கெட்டுப்போய்விட்டது, விட்டால் புற்றுநோய் ஆகிவிடும் என்றாராம். கேட்டதும் பயந்துபோய், முகாதமிடம் இன்னும் கொஞ்சம் முன்பணம் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டார். அந்தக் கடனைக் கழிக்க மறுபடி வெட்டுக்குப் போனார். தையல் ஆறி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, “சீசன் தொடங்கிவிட்டது தாயி” என்று மட்டும் சொன்னார்.

நாற்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட பெண்களின் இந்தப் புகார்களைக் கேட்டவள் நான். வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் பெரும்பாலும் தொற்றினால் வருபவை. மாத்திரையிலும் சுத்தமான தண்ணீரிலும் தீர வேண்டியவை. வயலில் கழிப்பறை கிடையாது, குளிக்க மறைவு கிடையாது, துணி மாற்ற இடம் கிடையாது. பகலெல்லாம் சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள், அடக்க வேண்டியிருப்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை. இப்படியிருந்தால் தொற்று வராமல் என்ன செய்யும்? கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அதே வயல், அதே தண்ணீர்தான். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும். எலும்பு தேயும், உடம்பு எரியும், தூக்கம் போகும். இன்று பார்த்த பெண்கள் எல்லோரும் முதலில் சொன்னது மூட்டு வலியைத்தான்.

சில பெண்கள் தாங்களாகவே கேட்டு எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார்கள். மாதவிலக்கு நின்றால் பிடித்தம் நிற்கும் என்று கணக்குப் போட்ட பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் கணக்குப் போட வைத்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்வேன்.

2019க்குப் பிறகு பீட் மாவட்டத்தில் தனியார் மருத்துவமனை கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமானால் மாவட்ட அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவரான சிவில் சர்ஜனின் அனுமதி வேண்டும். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், தேவையற்ற கர்ப்பப்பை அறுவை சிகிச்சைகளைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் கத்தியைத் தடுப்பது வேறு, வலிக்கு வைத்தியம் பார்ப்பது வேறு. அனுமதி கிடைக்காத பெண் என்ன செய்வாள்? வலியோடு லாரி ஏறுவாள்.

மாலையில் அம்பாஜோகாய் போனோம். யோகேஸ்வரி அம்மன் கோயில் இருக்கிற ஊர். கிராமப்புறத்துக்கென்றே 1970களில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வெட்டு முடிந்து திரும்புகிறவர்களால் புறநோயாளிப் பிரிவு நிரம்பிவிடும் என்று வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் சொன்னார். வந்த வலியையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து காட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொந்தமான ஆஸ்பத்திரி இதுதான், இது இருப்பதோ வேலை இல்லாத மாதங்களில் அவர்கள் இருக்கும் இடத்தில்.


ஜனவரி 15, புதன். வழியில்

பகல் முழுக்கப் பயணம். பார்ஷி, பண்டரிபுரம், அப்புறம் மேற்கே. பண்டரிபுரத்தில் விட்டலனைத் தூர இருந்தே கும்பிட்டுக்கொண்டோம், வரிசையில் நிற்க நேரமில்லை. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்புதான். இரட்டை டிரெய்லர் பூட்டிய டிராக்டர்கள் கரும்பை மலையாக ஏற்றிக்கொண்டு பாட்டைப் போட்டுவிட்டுப் போகின்றன. மாட்டு வண்டிகளும் நிறைய.

பேருந்தில் தோழி ஒன்று கேட்டாள்: “அக்கா, தமிழ்நாட்டில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்களே, அதை இங்கே கொண்டு வர முடியாதா?” மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியபோது நான் வேலையில்தான் இருந்தேன். மாத்திரை வாங்க மலையிறங்கி வந்துகொண்டிருந்த கிழவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கண்ணால் பார்த்தவள். ஆனால் அந்தத் திட்டமும் வீட்டைத்தான் தேடிப் போகிறது. வருஷத்தில் பாதி வீடே இல்லாதவரை எப்படித் தேடுவது என்பதற்கு எங்களிடமும் பதில் இல்லை என்று அவளிடம் சொன்னேன்.


ஜனவரி 16, வியாழன். கராட் தாலுகா

சாத்தாரா மாவட்டத்தில் கிருஷ்ணாவும் கோய்னாவும் கூடுகிற ஊர் கராட். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அறுத்த வயல் ஒன்றில் கோப்பிகள் இருந்தன. கோப்பி என்பது மூங்கிலை வளைத்து, கரும்புத் தோகையும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய கூம்புக் குடிசை. உள்ளே நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். முப்பது கோப்பிக்கு மேல் இருக்கும், எல்லாம் பீட்காரர்கள்.

பகலில் போனதால் அங்கே இருந்தது பெரிய பிள்ளைகளும் அவர்கள் இடுப்பில் சின்னப் பிள்ளைகளும்தான். மற்றவர்களைப் பார்க்க வயலுக்கு நடந்தோம். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண்கள் அடியில் வெட்டிச் சாய்க்க, பெண்கள் தோகை உரித்து, கொழுந்தாடை நறுக்கி, கட்டாகக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டைத் தலையில் தூக்கி, சாய்த்து வைத்த பலகைமேல் ஏறி டிரெய்லரில் அடுக்குகிறார்கள். ஒரு கட்டு என்ன எடை என்று தூக்கிப் பார்க்க முயன்றேன், அசைக்கவே முடியவில்லை. நாற்பது கிலோ வரும் என்றார்கள். ஒரு ஜோடி நாளைக்கு இரண்டு டன் வரை வெட்டி ஏற்றுகிறது. வண்டி எப்போது வந்தாலும் ஏற்ற வேண்டும், ராத்திரி பத்து மணியானாலும். 2024 தொடக்கத்தில் சங்கங்கள் போராடி டன்னுக்கான கூலியில் 34 சதவீத உயர்வு வாங்கின. அது கைக்கு வந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உடம்புக்கான ஏற்பாடு பற்றி அந்தப் பேச்சுவார்த்தையில் யாரும் எதுவும் கேட்டதாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தாள். இறக்கி வைக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அட்டை இருக்கிறதா என்றதும் கோப்பிக்கு ஓடிப்போய்த் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அக்டோபரில் ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்குக் குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. மாத்திரை டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. கால் வீக்கம் இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. அது நாலு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. தெரிந்தாலும் காலையில் அது திறக்கும்போது இவள் வயலில் இருப்பாள்.

போன சீசனில் இன்னொரு முகாமில் நடந்ததை ஒரு மூத்த பெண்மணி சொன்னார். நடுராத்திரி ஒருத்திக்குப் பிரசவ வலி. 108க்குப் போன் செய்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊர் தெரியவில்லை, ஆலைப் பெயரைச் சொன்னார்கள். ஆலைக்கு அறுபது, எழுபது ஊரில் கரும்பு இருக்கும். நிலத்துக்காரர் பெயரைச் சொன்னார்கள், அந்தப் பெயரில் எத்தனையோ பேர். கடைசியில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் மெயின் ரோட்டுக்குப் போய் நின்று கையைக் காட்டி வண்டியைக் கூட்டி வந்தான். அதற்குள் கோப்பியிலேயே பிரசவம் ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தொப்புள் கொடியை எதனால் வெட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

சட்டத்தில் வழியில்லையா என்றால், பாதி வழி இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்று 1979இல் வந்து 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த சட்டம், ஒப்பந்தக்காரர் இலவச மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்றது. பீட்டிலிருந்து பெலகாவிக்குப் போனவர்களுக்கு அது பொருந்தியது. பீட்டிலிருந்து கராட்டுக்கு வந்தால் அதே மாநிலம், பொருந்தவில்லை. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் ஆலைக்காக வயலில் வெட்டுபவருக்கு இல்லை. ஆலையைக் கேட்டால் அவர்கள் முகாதமின் ஆட்கள் என்கிறது. முகாதம், நான் ஆலைக்குத்தான் ஆள் கொண்டு வந்தேன் என்கிறார். மறைந்த அரசியல் தலைவர் கோபிநாத் முண்டே பெயரில் கரும்புத் தொழிலாளர் நல வாரியம் ஒன்றை அரசு அமைத்திருக்கிறது. டன்னுக்குப் பத்து ரூபாய் ஆலையும் அதே அளவு அரசும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் இன்று கேட்ட பெண்களில் ஒருத்திக்கும் அந்த வாரியத்திலிருந்து எதுவும் வந்ததில்லை.


ஜனவரி 17, வெள்ளி. அதே பகுதி

இன்று மனதுக்குக் கொஞ்சம் தெம்பு.

ஒரு அறக்கட்டளை நடத்தும் நடமாடும் மருத்துவ வண்டி முகாம்களுக்கு வருகிறது. பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. வண்டி சின்னதுதான். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்துப் பெட்டிகள், ஒரு மேசை. முக்கியமான விஷயம் அது வரும் நேரம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் வந்து ஒன்பதரை வரை இருக்கிறது. ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து காட்டிவிட்டுப் போகிறாள். ஒருத்திக்கும் பிடித்தம் இல்லை.

நானும் தோழியும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்துக் கொடுத்தோம். வந்த நோய்களைச் சொல்கிறேன். கரும்பு இலை அறுத்த கை, கால். அரிவாள் பட்ட விரல், டெட்டனஸ் ஊசி போட்டார்கள். சிறுநீர் எரிச்சல். தோல் அரிப்பு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, அடுப்பில் சுட்ட காயம். கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டவர்கள் எண்ண முடியாத அளவு. நேற்றைய கர்ப்பிணிப் பெண்ணும் வந்தாள். ஹீமோகுளோபின் 7.9க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை போதாது, ரத்த நாளத்தில் இரும்புச்சத்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் கிராமப்புற மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். அதற்கு ஒரு பகல் போக வேண்டும். முகாதமை டாக்டரே கூப்பிட்டு வைத்துப் பேசினார். நாளைக்கு அவளுக்குப் பிடித்தம் இல்லை என்று எல்லோர் முன்னாலும் அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டார். இந்தக் காரியத்தை எந்த மருத்துவக் கல்லூரியும் சொல்லிக் கொடுப்பதில்லை.

வெள்ளைப்படுதல் என்று வந்தவர்கள் நிறைய. திரைக்குப் பின்னால் நர்ஸ் தனியாகப் பேசினாள், மருந்து கொடுத்தாள், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி காட்டச் சொன்னாள். மூன்று நாள் முன்பு பீட்டில் பார்த்த முகங்கள் நினைவில் இருந்தன. இதே வலிக்கு இதே மாதிரி ஒரு மேசை அன்று அவர்கள் வயலோரம் இருந்திருந்தால் போதும், இருபத்தெட்டு வயதில் வயிற்றைக் கிழித்திருக்க வேண்டியதில்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது, அடக்கிக்கொள்ள விருப்பமில்லை.

அடுத்த வெள்ளி இந்த முகாம் இங்கேயே இருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். “சிட்பாய் சொல்லுவான்” என்றார். அதைப் பார்க்கத்தான் நாளைக்கு ஆலைக்குப் போகிறோம்.


ஜனவரி 18, சனி. ஆலை, ஆரம்ப சுகாதார நிலையம்

சிட்பாய் என்பவர் ஆலையின் களப் பணியாளர். எந்த விவசாயியின் எந்த வயலை எந்தத் தேதி வெட்ட வேண்டும் என்ற சீட்டை எடுத்துக்கொண்டு போய் கோய்தாக்காரர்களை அங்கே இறக்குபவர். நம் ஊரில் கட்டிங் ஆர்டர் என்கிறோமே, அதே ஏற்பாடுதான். கரும்பு நட்ட தேதி, ரகம், வெட்டிய கட்டையில் துளிர்த்த மறுதாம்பா புதுக்கரும்பா எல்லாம் ஆலையின் பதிவில் இருக்கும். முறைப்படி வரிசையாக வெட்டு வரும்.

ஆலையின் கரும்பு அலுவலகத்தில் கணினியில் இருந்த பட்டியலைக் காட்டினார்கள். ஊர், வயலின் சர்வே எண், முகாதம் பெயர், அவரிடம் எத்தனை கோய்தா, எந்தத் தேதி எந்த வயல், நேற்று எத்தனை டன். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாரூர் சிஸ்டர் கேட்ட கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. அவருடைய கர்ப்பிணிகள் ஒவ்வொருவரும் இன்று எந்த ஊரில் எந்த வயலில் நிற்கிறார்கள் என்பது கரும்பின் கணக்கில் தெரிகிறது, சுகாதாரத்தின் கணக்கில் தெரியவில்லை. வெட்டிய கரும்பு ஒரு நாள் தாமதமானால் சர்க்கரைச் சத்து குறையும் என்பதால் ஆலை இதை இவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் இளைஞர். இந்த சீசனில் அவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். தன் எல்லைக்குள் வரும் சிட்பாய்களைத் தானே ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்த்திருக்கிறார். முகாம் இடம் மாறினால் ஊர்ப் பெயரும் லொகேஷனும் அதில் வந்துவிடும். ஆஷா என்கிற கிராம சுகாதாரப் பணியாளர் அன்று மாலையே போய் கர்ப்பிணிகளையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் எழுதி வருகிறார். 108க்கும் அதே லொகேஷன் போகிறது. இதற்கு அரசு உத்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, சிட்பாய்கள் நல்ல பிள்ளைகள், கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள் என்றார். அவருக்கு மாற்றல் வந்தால் இந்தக் குழு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆலைப் பட்டியல் வாராவாரம் தாலுகா சுகாதார அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று அரசு ஒரு உத்தரவு போட்டால் தீரும். கோர்ஹே குழுவும் போகுமுன் ஒரு முறை, வந்த பின் ஒரு முறை உடல் பரிசோதனை, கையில் ஒரு சுகாதார அட்டை என்றெல்லாம் பரிந்துரைத்தது. நடுவில் இருக்கிற ஐந்து, ஆறு மாதத்துக்கு இந்தப் பட்டியல்தான் பாலம்.

நான் தாரூரில் குறித்து வைத்திருந்த எண்ணைக் கொடுத்தேன். மருத்துவ அலுவலர் உடனே அங்கே போன் போட்டார். இரண்டு பக்கமும் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்கள். “வெளியூர்” என்று எழுதியிருந்த வரிகளில் நான்கு கர்ப்பிணிகள் இவர் எல்லைக்குள்ளேயே இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அரசுப் பதிவில் தரும் ஆர்.சி.எச். எண்ணைச் சொன்னதும் பழைய பரிசோதனை விவரமெல்லாம் இங்கே திரையில் வந்துவிட்டது. ஒருத்திக்கு முந்தைய பிரசவம் சிசேரியன். அது இங்கே யாருக்கும் தெரியாது, பிப்ரவரியில் நாள். அவளை கராட் அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்க்க இன்றே எழுதிவிட்டார். இரண்டு குழந்தைகளுக்கு விட்டுப்போன ஊசி திங்கட்கிழமை.

நாளை கிளம்புகிறேன். கள்ளக்குறிச்சியில் இப்போது வெட்டு உச்சத்தில் இருக்கும். எங்கள் ஆலைகளிலும் இதே கட்டிங் ஆர்டர் பட்டியல் தினமும் அச்சாகிறது. இத்தனை வருஷமும் அதை யாரும் எங்களுக்குக் கொடுத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஊர் போனதும் முதல் வேலையாக வட்டார மருத்துவ அலுவலரைப் பார்த்து, அந்தப் பட்டியலை வாராவாரம் கேட்டு வாங்க ஆலைக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லப்போகிறேன். கடிதத்தின் நகலை இங்கே போடுகிறேன். மற்ற கரும்பு மாவட்டங்களில் இருக்கும் செவிலியர்கள் அதை எடுத்து, ஆலைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிக்கொள்ளலாம்.